ரப்பர் ஷீட் மெஷின் பினியனுக்கு 45 எச்.ஆர்.சி. கடினம் கேட்கிறார்கள்: வார்ப்பிரும்பில் இது எட்டுமா?

கோணம் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை நடத்தி வருகிறேன். குலசேகரம், திருவட்டாறு, அருமனை வட்டாரங்களில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களின் ஷீட் மெஷின்களுக்கு உதிரிப்பாகங்கள் செய்து கொடுப்பதுதான் எங்கள் முக்கிய வேலை. இரண்டு ரோலர்களையும் இணைத்து ஓட்டும் பினியன் என்னும் சிறு பல்சக்கரம்தான் அந்த மெஷினில் முதலில் தேயும் பாகம். ரப்பர் பாலை உறைய வைக்கச் சேர்க்கும் ஃபார்மிக் அமிலம் கலந்த நீர் அதன் மேல் இடைவிடாமல் தெறிக்கிறது. கிரீஸ் வைப்பவர்களும் குறைவு.

எங்களுக்கு வார்ப்பு கோயம்புத்தூரிலுள்ள ஒரு ஃபவுண்டரியிலிருந்து வருகிறது. சான்றிதழில் எஃப்.ஜி. 260 (சாம்பல் வார்ப்பிரும்பின் ஒரு தரம்) என்றும், கார்பன் 3.3 சதவீதம், சிலிக்கான் 2.0 சதவீதம், மாங்கனீசு 0.7 சதவீதம் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். பினியனின் வெளிவிட்டம் 110 மி.மீ., பல்லின் அகலம் 50 மி.மீ., துளையைச் சுற்றியுள்ள சுவரின் தடிமன் 22 மி.மீ. இதுவரை வார்ப்பை அப்படியே கடைந்து பல் வெட்டிக் கொடுத்து வந்தோம். இப்போது மெஷின் விற்கும் ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, "பல்லின் கடினம் 45 எச்.ஆர்.சி." (ராக்வெல் சி என்னும் கடின அளவு) என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மின் உலையில் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அரை மணி நேரம் வைத்து, தண்ணீரில் போட்டபோது கீவேயின் (துளையில் சாவி பொருந்தும் பள்ளத்தின்) மூலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி விரிசல் ஓடியது. அதே சூட்டிலிருந்து எண்ணெயில் போட்டவை விரியவில்லை. ஆனால் ஒரே பினியனில் ஓரிடத்தில் 28, மற்றோரிடத்தில் 41 என்று அளவு சிதறுகிறது. உள் இறுக்கம் நீங்கட்டும் என்று சில பினியன்களை முதலில் 700 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, உலையிலேயே ஆறவிட்டு, பிறகு அதே முறையில் எண்ணெயில் போட்டால் 25-ஐக்கூடத் தாண்டவில்லை. ஒரே வார்ப்பு, ஒரே உலை. வேலை கூடக் கூடக் கடினம் குறைவது ஏன் என்று விளங்கவில்லை.

எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எந்த எண்ணெய் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். இன்னொன்று: சில வார்ப்புகளின் மெல்லிய ஓரங்களில், எந்தச் சூடும் கொடுக்கும் முன்பே, கடைசல் உளி ஏறாமல் முனை மழுங்கிவிடுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வார்ப்பாலை ஓய்வாளர்

தம்பி, நீங்கள் தந்திருக்கும் விவரங்களே பெரும்பாலான விடையைச் சொல்லிவிடுகின்றன. சான்றிதழிலுள்ள 3.3 சதவீதக் கார்பன் முழுவதும் கடினத்துக்கு உதவுவதில்லை. அதில் பெரும்பங்கு கிராஃபைட் இதழ்களாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த இதழ்களைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. இதழ்களுக்கு இடைப்பட்ட இரும்புப் பரப்பில், அதாவது மேட்ரிக்ஸில், கலந்து நிற்கும் கார்பன்தான், குளிர்விக்கும்போது அந்தப் பரப்பை மார்ட்டன்சைட் என்னும் அமைப்பாக மாற்றிக் கடினம் தருகிறது. நல்ல எஃப்.ஜி. 260 வார்ப்பில் அந்தப் பரப்பு பெரும்பாலும் பெர்லைட்டாக (இரும்பும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக நிற்கும் அமைப்பாக) இருக்கும், அதில் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை கார்பன் கலந்திருக்கும். இந்தக் கார்பனை இழக்காமல் காப்பதும், சூட்டில் அதைச் சீராகக் கரைய வைப்பதுமே நீங்கள் செய்ய வேண்டியவை.

இப்போது 700 டிகிரி விஷயத்துக்கு வருகிறேன். உள் இறுக்கம் நீக்கச் சாதாரண சாம்பல் வார்ப்பிரும்புக்கு 510 முதல் 565 டிகிரி வரை போதும். தடிமனில் ஒவ்வொரு 25 மி.மீ.-க்கும் ஒரு மணி நேரம் வைத்து, பின்பு 300 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை உலைக்குள்ளேயே ஆறவிட வேண்டும். 700 முதல் 760 டிகிரி வரை என்பது வார்ப்பை வேண்டுமென்றே மென்மையாக்கும் சூடு. அந்தச் சூட்டில் இரவு முழுவதும் வைத்ததால் பெர்லைட்டிலுள்ள சிமெண்டைட் (இரும்புக் கார்பைடு) சிதைந்து, அதன் கார்பன் பக்கத்திலுள்ள கிராஃபைட் இதழ்களில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. மிஞ்சியது கார்பன் அறவே குறைந்த ஃபெரைட். பிறகு 900 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தபோது, அந்த அரை மணியில் பெரும்பகுதி பினியன் உட்புறம் வரை சூடேறவே செலவாகியிருக்கும். கிராஃபைட்டிலிருந்து கார்பன் மறுபடி கரைந்து பரவ நேரம் இருந்திருக்காது. ஆகவேதான் 25-ஐத் தாண்டவில்லை.

சூட்டைப் பொறுத்தவரை, சிலிக்கான் அதிகமாக இருப்பதால் எஃகுக்குச் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது. மேட்ரிக்ஸ் ஆஸ்டனைட்டாக (உயர்சூட்டில் நிலவும் அமைப்பாக) மாறத் தொடங்கும் சூட்டைக் கணிக்க ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு: 730-உடன் சிலிக்கான் சதவீதத்தின் 28 மடங்கைக் கூட்டி, மாங்கனீசு சதவீதத்தின் 25 மடங்கைக் கழிக்க வேண்டும். உங்கள் வார்ப்புக்கு இது ஏறத்தாழ 768 டிகிரி வருகிறது. அதற்கு மேல் 55 டிகிரி சேர்த்தால் 825 டிகிரி. உலையின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துப் பார்த்தால் 850 முதல் 865 டிகிரி வரை உங்களுக்குச் சரியான எல்லை. 900-க்குப் போவதால் கூடுதல் கடினம் கிடைப்பதில்லை. மாறாக, கரைந்த கார்பன் மிகுந்துபோய்க் குளிர்ந்த பிறகும் மார்ட்டன்சைட்டாக மாறாத ஆஸ்டனைட் மிச்சமாகிக் கடினம் குறையும். நெளிவும் விரிசலும் கூடும்.

நடைமுறையை வரிசையாகச் சொல்கிறேன். பல் வெட்டி, கீவேயும் வெட்டி முடித்த பினியனின் கூர்மையான உள்மூலைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள். கீவேயை உலைக்களிமண்ணால் அடைத்துவிட்டால் எண்ணெய் அந்த மூலையைத் திடீரென்று குளிர்விக்காது. உலையை முதலில் 600 டிகிரியில் நிறுத்தி, பினியன் முழுவதும் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகே மேலே ஏற்றுங்கள். சாம்பல் வார்ப்பிரும்பு வேகமான சூடேற்றத்தைத் தாங்காது; குளிரும்போதுதான் விரியும் என்று நினைப்பவர்கள், ஏறும்போதே உள்ளே விழுந்துவிட்ட கீறலைக் கவனிப்பதில்லை. திறந்த உலையில் மேற்பரப்பிலுள்ள கார்பன் எரிந்து போகும் என்பதால், ஒரு இரும்புப் பெட்டியில் வார்ப்பிரும்புக் கடைசல் தூளைப் பரப்பி அதற்குள் பினியனைப் புதைத்து வையுங்கள். பெட்டிக்குள் சூடு இறங்க நேரம் எடுக்கும். ஆகவே வெப்ப இரட்டையின் (தெர்மோகப்பிளின்) முனையைப் பெட்டிக்குள்ளேயே, பினியனுக்கு அருகில் வைத்து, அது 855 காட்டிய பின்பே நேரத்தைக் கணக்கிட வேண்டும். 25 மி.மீ. தடிமனுக்கு 20 நிமிடம் என்பது குறைந்த அளவு. உங்கள் பினியனுக்கு 40 நிமிடம் கொடுங்கள். முன்பே மென்மையாகிவிட்ட அந்தப் பினியன்களை மீட்க வேண்டுமானால் அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும்.

எண்ணெய், குவெஞ்சிங்குக்கென்றே (சூடான இரும்பைத் திடீரென்று குளிர்விப்பதற்கென்றே) விற்கும் கனிம எண்ணெயாக இருக்கட்டும். பழைய எஞ்சின் ஆயிலில் நீரும் கசடும் கலந்திருக்கும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஒரு கிலோ இரும்புக்குப் பத்து லிட்டர் என்ற அளவுக்குக் குறையாமல் எண்ணெய் இருக்க வேண்டும். அதை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கி வைத்திருந்தால் இளகி ஓடிச் சீராகக் குளிர்விக்கும். பினியனைக் கம்பியில் தொங்கவிட்டு அசைத்துக்கொண்டே இருங்கள். சும்மா போட்டுவிட்டால் ஆவிப்படலம் ஒட்டிய இடங்கள் மென்மையாக நின்றுவிடும். உங்கள் 28-க்கும் 41-க்கும் இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். சுமார் 150 டிகிரிக்கு இறங்கியதும் எண்ணெயிலிருந்து எடுத்து, கைச்சூட்டுக்கு ஆற விடாமல், உடனே டெம்பரிங் (மிதமாக மறுபடி சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைத்தல்) உலைக்குக் கொண்டுபோக வேண்டும். மாலையில் குவெஞ்ச் செய்துவிட்டுக் காலையில் டெம்பர் செய்யலாம் என்று விட்டுவைத்தால், காலையில் விரிந்த பினியன் கிடைக்கும்.

டெம்பர் செய்யாத நிலையில் அளவு 45-க்கும் 52-க்கும் இடையில் வரும். 200 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் டெம்பர் செய்தால் ஒன்றிரண்டு புள்ளிகள் குறையும். எனவே 45 என்பது எஃப்.ஜி. 260-க்கு எட்டாத அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கீழ் எல்லையாக 45-ஐ எழுதிக் கையெழுத்திட்டால் ஒவ்வொரு தொகுப்பிலும் சில பினியன்கள் தவறும். கலப்பில்லாத வார்ப்பில் கடினம் ஆழமாக இறங்காது. ஃபவுண்டரியில் 0.8 சதவீதம் அளவுக்குத் தாமிரமும், 0.3 சதவீதம் மாலிப்டினமும் சேர்த்து ஊற்றச் சொன்னால் அந்தச் சிதறல் பெரிதும் அடங்கும்.

மெல்லிய ஓரத்தில் உளி ஏறாதது வேறு நோய். உருகிய இரும்பு அங்கே வேகமாக உறைந்து, கிராஃபைட் பிரிய நேரமின்றிச் சிமெண்டைட்டாகவே நின்றுவிட்டது. 900 முதல் 950 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, பெர்லைட் காக்கும் பொருட்டுக் காற்றில் ஆறவிட்டால் அது நீங்கும். ஆயினும், ஊற்றும் முன் கரண்டியில் ஃபெரோசிலிக்கான் தூவுவதில் கஞ்சத்தனம் காட்டும் ஃபவுண்டரியிடம் அதைத் திருத்தச் சொல்வதே முறை. அவர்கள் மிச்சம் பிடித்த காசுக்கு நீங்கள் ஏன் மின்கட்டணம் கட்ட வேண்டும்?

சோதனைக்கூடம்

மேலே ஐயா கூறியவற்றில் மாறுபாடு இல்லை. அளக்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் 28-க்கும் 41-க்கும் இடையிலான சிதறலில் ஒரு பகுதி பினியனில் இல்லாமல் அளவெடுப்பில் இருக்கக்கூடும்.

ராக்வெல் சி அளவில் இறங்கும் வைரக்கூம்பு மிகச் சிறியது. எஃகில் எங்கே இறக்கினாலும் ஏறத்தாழ ஒரே பொருளில்தான் இறங்கும். சாம்பல் வார்ப்பிரும்பிலோ அது ஓரிடத்தில் கடினமான மேட்ரிக்ஸிலும், அடுத்த இடத்தில் ஒரு கிராஃபைட் கொத்தின் மேலும் இறங்கும். பலாப்பழத்தில் குத்திய கத்தி சுளையில் இறங்குவதற்கும் கொட்டையில் முட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான். மேட்ரிக்ஸின் உண்மைக் கடினம் 60-ஐ ஒட்டி இருக்கும் ஒரு வார்ப்பு, ராக்வெல் கருவியில் 50 என்று காட்டுவது இயல்பு. ஆகவே ஓர் அளவை நம்பி எதையும் ஏற்கவோ தள்ளவோ கூடாது. ஒரே பல்லின் பக்கவாட்டில் குறைந்தது ஐந்து இடங்களில், ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே குழியின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி விட்டு அளந்து, சராசரியைக் குறிக்க வேண்டும். அளப்பதற்கு முன் மேற்பரப்பைக் கால் மி.மீ. ஆழமாவது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தேய்த்து எடுங்கள். கார்பன் எரிந்துபோன தோலை அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை. தண்ணீர் இல்லாமல் கிரைண்டரில் தேய்த்தால் அந்தச் சூடே பல்லை டெம்பர் செய்துவிடும்.

குவெஞ்ச் செய்வதற்கு முந்தைய வார்ப்புக்குப் பிரினெல் சோதனையே ஏற்றது. 10 மி.மீ. குண்டும் 3000 கிலோ எடையும் கொண்டு அழுத்தும்போது குழி பெரிதாக விழுவதால், கிராஃபைட்டும் மேட்ரிக்ஸும் சேர்ந்த சராசரி கிடைக்கும். வரும் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு வார்ப்பைப் பிரினெல்லில் அளந்து பாருங்கள். 200-க்கும் கீழே இருந்தால் அதில் ஃபெரைட் மிகுந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை அப்படியே குவெஞ்சிங்குக்கு அனுப்ப வேண்டாம். பிரினெல்லிலிருந்து ராக்வெல்லுக்கு மாற்றும் அட்டவணை சுவரில் தொங்கும் பட்டறைகள் பல. அந்த அட்டவணைகள் எஃகுக்காகத் தயாரிக்கப்பட்டவை. வார்ப்பிரும்புக்கு அவற்றைப் பயன்படுத்தி வாடிக்கையாளரிடம் வாதாட முடியாது.

வாடிக்கையாளரின் ஆர்டரில் "45 எச்.ஆர்.சி." என்று மட்டும் இருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பில்லை. எந்த இடத்தில், எத்தனை அளவுகளின் சராசரி, மேலும் கீழும் எவ்வளவு விலகல் ஏற்கப்படும் என்பதை எழுதி வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஒரு பல்லை வெட்டி மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் விக்கர்ஸ் முறையில் மேட்ரிக்ஸை மட்டும் அளக்கலாம். கோயம்புத்தூரிலுள்ள சிட்டார்க் போன்ற ஆய்வகங்களில் இந்த வசதி உண்டு.

மார்த்தாண்டம் கியர்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். கடினம் தேவைப்படுவது பல்லின் மேற்பரப்பில்தான். பினியன் முழுவதையும் சூடேற்றி எண்ணெயில் போட்டால் துளை நெளியும். பிறகு அந்தத் துளையைக் கிரைண்டிங்கில்தான் சரிசெய்ய முடியும். இண்டக்‌ஷன் சுருளிலோ, ஆக்சி-அசிட்டிலீன் தீயிலோ பல்லை மட்டும் சில நொடிகள் சூடேற்றிக் குளிர்விக்கும் முறையில் துளையும் கீவேயும் தப்பிக்கின்றன. ஆனால் ஒரு கட்டாயம் உண்டு: சில நொடிகளில் கிராஃபைட்டிலிருந்து கார்பன் கரையாது என்பதால், பெர்லைட் ஏற்கெனவே நிறைந்திருக்கும் வார்ப்பு மட்டுமே இதற்கு உதவும். நீங்கள் 700 டிகிரியில் வைத்தெடுத்த பினியன்களை இண்டக்‌ஷனுக்கு அனுப்பினால் கட்டணம்தான் வீண்.

பல் உடைவதும் உங்களுக்குத் தொல்லையாக இருந்தால் எஃப்.ஜி.-யை விட்டுவிட்டு எஸ்.ஜி. 700/2 வார்ப்பிரும்புக்கு மாறுங்கள். அதில் கிராஃபைட் இதழாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். இதழின் கூர்முனையிலிருந்து விரிசல் கிளம்புவதுபோல உருண்டையிலிருந்து கிளம்பாது. குவெஞ்சிங்கையும் நன்றாகத் தாங்கும். இண்டக்‌ஷனில் 50-ஐ எளிதாகத் தாண்டும்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. கிராஃபைட்டை உருண்டையாக்கலாம் என்பதை 1948-ஆம் ஆண்டு அமெரிக்க வார்ப்பாளர் சங்கக் கூட்டத்தில் விளக்கிய ஹென்டன் மோராக் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பயன்படுத்திய தனிமம் சீரியம். மக்னீசியம் கொண்டு அதைச் சாதிக்கும் முறை பின்னர் நிலைபெற்றுவிட்டது என்றாலும், இன்றும் ஃபவுண்டரிகள் சேர்க்கும் மக்னீசியக் கலவையில் சிறிதளவு சீரியம் இருக்கிறது. அந்தச் சீரியம் பொதிந்த மோனசைட் மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில்தான்.

சிலர் உங்களுக்கு ஏ.டி.ஐ. (ஆஸ்டெம்பர் செய்த எஸ்.ஜி. வார்ப்பிரும்பு) செய்யச் சொல்லக்கூடும். எஸ்.ஜி. வார்ப்பை 900 டிகிரியிலிருந்து 240 முதல் 400 டிகிரி வரையிலான உருகிய உப்புத் தொட்டியில் போட்டு, அதிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தெடுக்கும் அந்த முறையில் பல்லின் வலிமையும் தேய்மானத் தாங்கலும் அருமையாக வரும். 260 டிகிரியை ஒட்டிய தொட்டியில் உங்கள் 45-ஐ நெருங்கிவிடலாம். இருந்தாலும் நைட்ரேட் உப்புத் தொட்டியைச் சிறு பட்டறையில் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஈரமான வார்ப்பு ஒன்று உள்ளே விழுந்தால் கொதிக்கும் உப்பு முகத்தில் தெறிக்கும்; கரித்தூளோ எண்ணெயோ கலந்தால் வெடிக்கும். வெளியே கொடுத்துச் செய்யலாம், நூறு பினியனுக்குக் குறையாத ஆர்டர் இருந்தால்.

தோவாளை சூளை

இடையில் புகுந்து கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்களுக்குச் செங்கல் சூளை இருக்கிறது. மண் பிசையும் மெஷினின் வார்ப்பிரும்பு இலைகள் மணலில் உரசி ஒரு பருவத்துக்குள்ளேயே பாதியாகிவிடுகின்றன. அவற்றையும் இதேபோல் எண்ணெயில் போட்டுக் கடினமாக்கினால் நீடிக்குமா?

வார்ப்பாலை ஓய்வாளர்

சூளைக்கார அண்ணாச்சி, உங்களுக்கு வேண்டியது வேறு வார்ப்பு. பிசையும் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல், கடினமாக்கிய சாம்பல் வார்ப்பிரும்பையும் அறுத்துவிடும். குவார்ட்ஸைவிடக் கடினமான கார்பைடு உள்ளே இருந்தால்தான் இலை தாங்கும். அதற்கென்று உள்ளதுதான் உயர் குரோமிய வெள்ளை வார்ப்பிரும்பு. கார்பன் இரண்டரை முதல் மூன்று சதவீதமும் குரோமியம் 15 முதல் 27 சதவீதம் வரையும் இருக்கும்.

அதைச் சூடேற்றும் முறை பினியனுக்குச் சொன்னதற்கு நேர்மாறாகத் தோன்றும். ஊற்றி ஆறிய நிலையில் அதன் மேட்ரிக்ஸில் கார்பன் அளவுக்கு மீறிக் கரைந்திருப்பதால் ஆஸ்டனைட்டாகவே நின்றுவிடும். 15 சதவீதக் குரோமியத்தை ஒட்டியது என்றால் 950 முதல் 1000 டிகிரி வரையும், 25 சதவீதத்தை ஒட்டியது என்றால் 1010 டிகிரிக்கு மேலும் பல மணி நேரம் வைத்தால், அந்தக் கூடுதல் கார்பன் நுண்ணிய கார்பைடுகளாக வெளியே வரும். அதன் பிறகு குளிரும்போது மேட்ரிக்ஸ் மார்ட்டன்சைட்டாக மாறும். குளிர்விக்க எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மின்விசிறிக் காற்று போதும். எண்ணெயில் போட்டால் கண்ணாடி போல் தெறித்துவிடும். 650 டிகிரி வரை ஏற்றுவதும் மிக மெதுவாக இருக்க வேண்டும். 200 முதல் 230 டிகிரி வரை டெம்பர் செய்து முடித்தால் 58-க்கு மேல் எச்.ஆர்.சி. கிடைக்கும்.

அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால், அச்சில் இலையின் விளிம்பு வரும் இடத்தில் ஓர் இரும்புக் கட்டையைப் பதித்து, சிலிக்கான் குறைவான இரும்பை ஊற்றச் சொல்லுங்கள். விளிம்பு திடீரென்று உறைந்து வெள்ளை இரும்பாகிவிடும். நடுப்பகுதி சாம்பலாக நின்று அடியைத் தாங்கும். கோணம் தம்பியின் மெல்லிய ஓரத்தில் தொல்லையாக வந்த அதே சிமெண்டைட்தான் இங்கே நமக்கு வேலை செய்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: இப்படி ஊற்றிய இலையை, இன்னும் கடினமாகட்டும் என்று எண்ணி 900 டிகிரி உலையில் வைத்துவிடாதீர்கள். வந்த கடினமும் போய்விடும்.

குலசேகரம் மெக்கானிக்

எல்லோரும் எப்படி 45 கொண்டுவருவது என்று விளக்கிவிட்டீர்கள். அந்த 45 வேண்டுமா என்று நான் கேட்கிறேன். இந்த மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கையால் சுற்றும் மெஷினும் சரி, சிறு மோட்டார் வைத்ததும் சரி, ரோலர் மெதுவாகத்தான் சுற்றுகிறது. பல்லின் மேல் வரும் சுமை அப்படியொன்றும் பெரிதில்லை. நான் கழற்றிப் பார்த்த பினியன்களில் பெரும்பாலானவை அமில நீரில் அரித்து, துருவும் மணலும் கலந்த சேறு பல்லுக்கு நடுவே நின்று, அதில் அரைபட்டுத் தேய்ந்தவை. அமிலம் அரிப்பதைக் கடினம் தடுக்காது. மார்ட்டன்சைட்டானாலும் பெர்லைட்டானாலும் ஃபார்மிக் அமிலம் தின்னும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு பினியனை மட்டும் 45-க்குக் கொண்டுபோய், அதனோடு கடிக்கும் மற்றப் பல்சக்கரத்தைக் கடைந்தபடியே விட்டால், கடினமான பல் மற்றதை அரம்போல் அராவிவிடும். குவெஞ்ச் செய்த பல்லின் மேல் மெல்லிய செதில் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். பினியன் அடிக்கடி சுற்றுவதால் அது சிறிது கடினமாக இருக்கலாம்; இரண்டுக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி கூடாது. தோட்டக்காரர் ஒரு பினியனை மாற்றிய இடத்தில், அடுத்த ஆண்டு பெரிய சக்கரத்தையும் மாற்ற வேண்டி வரும். அதன் விலையை அவர் உங்களிடம்தான் கேட்பார்.

என் கருத்தைச் சொல்கிறேன். பல் வெட்டும் முன்பு வார்ப்பை 900 டிகிரி வரை சூடேற்றிக் காற்றில் ஆறவிடுங்கள், அதாவது நார்மலைசிங். மேட்ரிக்ஸ் முழுவதும் பெர்லைட்டாகி, பிரினெல் 220 முதல் 260 வரை சீராக வரும்; லேத்திலும் கடையலாம், ஓரத்துக் கடினமும் அதே சூட்டில் நீங்கும். இரண்டு சக்கரங்களையும் இப்படியே செய்து, மேலே ஒரு தகட்டு மூடி பொருத்தி, ஷீட் அடித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மெஷின் விற்பவர் எங்கோ எஃகுக் கியரின் விவரத்தில் பார்த்த எண்ணை எழுதியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

கோணம் பட்டறை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. குலசேகரம் அண்ணன் எழுதியதைக் காட்டி, மெஷின் விற்பவரிடம் தொலைபேசியில் பேசினேன். கடினத்தின் எண்ணை மாற்ற அவருக்குத் தடையில்லை. ஓராண்டுக்குள் பல் தேய்ந்து பினியன் திரும்பி வரக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. முதல் தொகுப்பை இரண்டு சக்கரங்களுமாக நார்மலைசிங் செய்து, மூடியோடு கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஆர்டரில் பிரினெல் 220 முதல் 260 வரை என்றும், பல்லின் பக்கவாட்டில் மூன்று அளவுகளின் சராசரி என்றும் திருத்தி எழுதித் தந்துவிட்டார். சிறிய மோட்டார் வைத்த பெரிய மாடலுக்கு மட்டும் எஸ்.ஜி. 700/2-இல் பல்லை இண்டக்‌ஷன் செய்து பார்க்கலாம் என்கிறார். அதில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே செய்வோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். காற்றில் ஆறவிடும்போது பத்துப் பினியன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கலாமா?

வார்ப்பாலை ஓய்வாளர்

கூடாது, தம்பி. அடுக்கின் நடுவிலுள்ளவை மெதுவாக ஆறி மறுபடி ஃபெரைட்டாகிவிடும். வெளியே இருப்பது பிரினெல் 250 காட்டும்போது நடுவில் இருப்பது 180 காட்டும். கம்பி வலை மேல் ஒன்றுக்கொன்று தொடாமல் ஒரு கை அகல இடைவெளி விட்டுப் பரப்புங்கள். கதவுக்கு நேரே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காற்று அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் கடினம் ஏறும், மழைக்காலத்தில் சாரலும் படும். ஃபவுண்டரியிடம் ஒவ்வொரு ஊற்றலிலும், அதே கரண்டியிலிருந்து, 22 மி.மீ. தடிமனில் ஒரு சோதனைக் கட்டையும் ஊற்றித் தரச் சொல்லுங்கள். பினியன்களோடு சேர்த்து அதையும் சூடேற்றி, அளந்து, உடைத்துப் பார்த்த பிறகு பல் வெட்டத் தொடங்கலாம்.